சிடிஎன் வைத்ததும் வெப்சாக்கெட் ஏன் அறுகிறது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். மாதிரித் தேர்வு நடத்தும் சின்னத் தளம் ஒன்று. ஆசிரியர் ஒரு கேள்வியைத் திறந்தால் எல்லா மாணவர்களின் திரையிலும் அந்த நொடியே வர வேண்டும். மாணவர் விடையைத் தொட்டால் ஆசிரியருக்கு உடனே தெரிய வேண்டும். அதற்காக, சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் டபிள்யூஎஸ் என்ற நூலகத்தை வைத்து ஒரு வெப்சாக்கெட் சர்வர் (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ள ஒரே கனெக்ஷனைத் திறந்தே வைத்திருப்பது) எழுதி, 3000ஆம் போர்ட்டில் நேராக ஓட்டிக்கொண்டிருந்தார். தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன்னை (பயனருக்கு அருகில் உள்ள சர்வர்கள் வழியாகத் தளத்தைத் தரும் சேவை) வைத்ததும் கனெக்ஷனே கிடைக்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு நடுவில், வரும் கோரிக்கைகளை நோடுக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸைப் போட்டு, எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443ஆம் போர்ட்டுக்கு மாற்றினார். இப்போது இணைகிறது. ஆனால் மாணவர்கள் ஒரு நீண்ட பத்தியைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தால் சரியாக ஒரு நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. பிரவுசர் 1006 என்று மட்டும் சொல்கிறது. "சிடிஎன் வெப்சாக்கெட்டுக்கு ஒத்துவராதா? அதை மட்டும் வெளியே எடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி சிடிஎன்னைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, நடுவில் நிற்பவர்களில் யார் இந்தக் கனெக்ஷனை அறுக்கிறார் என்பதைத்தான். முன்பு பிரவுசருக்கும் நோடுக்கும் நடுவில் யாரும் இல்லை. இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள். இந்த மாதிரி சர்வர்களைப் பராமரிப்பதுதான் பத்து வருடத்துக்கு மேலாக என் வேலை. வெப்சாக்கெட் அறுகிறது என்று யாராவது வந்தால் நான் முதலில் லாக்கைப் பார்ப்பதில்லை. எத்தனை விநாடியில் அறுகிறது என்று கேட்பேன். பாதி விடை அதிலேயே இருக்கும். சரியாக 60 விநாடி என்றால் அது கிளவுட்ஃபிளேரின் எண் இல்லை, என்ஜின்எக்ஸின் எண். ஆகவே சிடிஎன்னின் மேல் பழி போட வேண்டாம், வெப்சாக்கெட்டை வெளியே எடுக்கவும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெப்சாக்கெட் பிறக்கும்போது ஒரு சாதாரண எச்டிடிபி கோரிக்கைதான். 2011 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 6455 என்ற தர ஆவணம் அதை இப்படி வகுத்தது: பிரவுசர் ஒரு கெட் கோரிக்கையை அனுப்பும், அதில் 'அப்கிரேட்' என்ற ஹெடரில் (கோரிக்கையின் தலைப்பு வரி) 'வெப்சாக்கெட்' என்றும், 'கனெக்ஷன்' என்ற ஹெடரில் 'அப்கிரேட்' என்றும் இருக்கும். சர்வருக்குச் சம்மதம் என்றால் வழக்கமான 'சரி'யான 200 சொல்லாது, 'நெறிமுறை மாறுகிறேன்' என்ற 101 சொல்லும். அந்த நொடியிலிருந்து அதே டிசிபி கனெக்ஷனில் எச்டிடிபி முடிந்துவிடுகிறது. இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். சிக்கல் எங்கே என்றால், அந்த இரண்டு ஹெடர்களும் அடுத்த ஆளுக்கு மட்டும் சொல்லப்படுபவை. நடுவில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் ப்ராக்ஸி அவற்றைத் தானே படித்துக்கொள்ள வேண்டும், அப்படியே முன்னால் தள்ளிவிடக் கூடாது என்பது எச்டிடிபியின் பழைய விதி. அதனால் வெப்சாக்கெட்டைத் தெரியாத எந்த ப்ராக்ஸியும் விதிப்படி நடந்துகொண்டே அதைக் கொன்றுவிடும். என்ஜின்எக்ஸ் 2013இல் 1.3.13 பதிப்பிலிருந்துதான் இதைக் கடத்தக் கற்றுக்கொண்டது. அதற்கும் நாமே மூன்று வரி எழுத வேண்டும்: பின்னால் உள்ள சர்வரோடு எச்டிடிபி 1.1இல் பேசு, வந்த அப்கிரேட் ஹெடரை அப்படியே கொடு, கனெக்ஷன் ஹெடரில் அப்கிரேட் என்று போடு. இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் 101 வராமல் போகலாம். உங்களுக்கு இணைகிறது என்பதால் இதைச் சரியாகச் செய்துவிட்டீர்கள்.

நடுவில் நிற்பவர்கள் குழப்பம் செய்வது புதிதல்ல. 2010 டிசம்பரில், தரம் இன்னும் வரைவாக இருந்தபோதே, வெப்சாக்கெட்டைப் புரிந்துகொள்ளாத சில ப்ராக்ஸிகளை ஏமாற்றி அவற்றின் கேஷில் (சேமித்து வைக்கும் நகல்களில்) விஷம் ஏற்றலாம் என்று காட்டினார்கள். உடனே ஃபயர்ஃபாக்ஸ் 4இலும் ஓப்பராவிலும் வெப்சாக்கெட்டை அணைத்து வைத்தார்கள். பிரவுசரிலிருந்து போகும் ஒவ்வொரு ஃப்ரேமும் (செய்தித் துண்டு) இன்றைக்கும் 32 பிட் சாவி ஒன்றால் உருமாற்றப்பட்டுப் போவது அதனால்தான். அது ரகசியத்துக்கான ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உள்ளே இருப்பது எச்டிடிபி என்று எந்த ப்ராக்ஸியும் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

சரி, முதலில் இணையாமல் போனது ஏன்? இது எனக்குக் கிட்டத்தட்ட உறுதி. கிளவுட்ஃபிளேர் தன் வழியாகக் கடத்தும் போர்ட்டுகளுக்கு ஒரு குறிப்பிட்ட பட்டியல் உண்டு: 80, 443, 8080, 8443, 2053, 2083 என்று சிலவே. 3000 அதில் இல்லை. கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் பக்கத்தில் மேகக் குறி ஆரஞ்சு நிறமாக மாறிய, அதாவது எல்லாம் அவர்கள் வழியாகப் போகத் தொடங்கிய நொடியில் உங்கள் டொமைனின் 3000ஆம் போர்ட் வெளியுலகுக்கு மூடிவிட்டது. இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது: பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் திறந்து, சாக்கெட் முகவரி பழையபடி டபிள்யூஎஸ் என்றே தொடங்கினால், டபிள்யூஎஸ்எஸ் என்று இல்லாவிட்டால், பிரவுசரே அதை விடாது. இரண்டில் எது என்று இப்போது ஆராய்வதில் பயனில்லை. 443க்கு வந்ததும் இரண்டும் தீர்ந்துவிட்டன. கிளவுட்ஃபிளேரின் நெட்வொர்க் பகுதியில் வெப்சாக்கெட்டுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. இணைகிறது என்றால் அதுவும் திறந்துதான் இருக்கிறது.

இனி அந்த 60 விநாடி. என்ஜின்எக்ஸில் பின்னால் உள்ள சர்வரிடமிருந்து படிப்பதற்கான டைம்அவுட், நாம் எதுவும் எழுதாவிட்டால், 60 விநாடி. இது கனெக்ஷனின் மொத்த ஆயுள் இல்லை. நோடிடமிருந்து ஒரு பைட்கூட வராமல் கழியும் நேரம். மாணவர்கள் பத்தியைப் படிக்கிறார்கள், ஆசிரியர் காத்திருக்கிறார், நோடுக்கு அனுப்ப எதுவும் இல்லை, 60 விநாடி ஓடுகிறது, என்ஜின்எக்ஸ் கதவைச் சாத்துகிறது. 1006 என்பது யாரும் அனுப்பிய செய்தியும் அல்ல. விடைபெறும் ஃப்ரேம் எதுவும் வராமல் கனெக்ஷன் போய்விட்டால் பிரவுசர் தானாக எழுதிக்கொள்ளும் எண் அது. உங்கள் நோட் நூலகம் முறையாக மூடியிருந்தால் 1000, 1001 போன்ற வேறு எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 1006 வந்தாலே நடுவில் யாரோ வெட்டியிருக்கிறார்கள் அல்லது சர்வர் விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுடைய எண்களையும் தெரிந்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவும். வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சருக்கும் சொல்லாவிட்டால் 60 விநாடிதான். அமேசானின் சிடிஎன்னான கிளவுட்ஃப்ரன்ட் 2018 நவம்பரில் வெப்சாக்கெட்டை ஏற்கத் தொடங்கியது; அங்கே 10 நிமிடம், அதுவும் சர்வரிலிருந்து பயனருக்கு ஒன்றும் போகாத 10 நிமிடம். அதே அமேசானின் ஏபிஐ கேட்வேயை வெப்சாக்கெட்டுக்கு வைத்தால் சும்மா இருக்க 10 நிமிடம், எவ்வளவு பேசிக்கொண்டிருந்தாலும் மொத்தம் 2 மணி நேரம். கிளவுட்ஃபிளேரில் சும்மா கிடக்கும் கனெக்ஷன் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தாங்கும், நிமிடக்கணக்கில் நீளாது. எந்த ஒழுங்கும் இல்லாமல் சிலருக்கு மட்டும் அறுந்தால் மொபைல் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்கள். எல்லோருக்கும் ஒரே நொடியில் அறுந்தால் நீங்களோ சிடிஎன்னோ எதையோ ரீஸ்டார்ட் செய்திருக்கிறீர்கள்.

டைம்அவுட்டை ஒரு மணி நேரமாக உயர்த்திவிடு என்று நிறையப் பேர் சொல்வார்கள். உயர்த்தலாம், ஆனால் அது உங்கள் கையில் உள்ள ஒரு கதவை மட்டும்தான் திறந்து வைக்கும்; அடுத்த கதவு கிளவுட்ஃபிளேரிடம் இருக்கிறது, அதை உங்களால் தொட முடியாது. சரியான வழி, மௌனமே வராமல் பார்த்துக்கொள்வது. நெறிமுறையிலேயே பிங், பாங் என்று இரண்டு ஃப்ரேம்கள் இருக்கின்றன. சர்வர் பிங் அனுப்பினால் பிரவுசர் தானாகவே பாங் சொல்லும், உங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிரவுசரிலிருந்து பிங் அனுப்பும் வசதி ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கிடையாது. டபிள்யூஎஸ் நூலகம் தானாகப் பிங் அனுப்பாது. சாக்கெட் ஐஓ என்ற நூலகத்தை வைத்திருந்தால் அது 25 விநாடிக்கு ஒருமுறை அனுப்பியிருக்கும், நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஆகவே நோடில் 25 அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை சுற்றும் ஒரு டைமர் போதும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் 'உயிரோடு இருக்கிறது' என்று ஒரு குறி. டைமர் வரும்போது அந்தக் குறியை அழித்துவிட்டுப் பிங் அனுப்புங்கள். பாங் வந்தால் மறுபடி குறி இடுங்கள். அடுத்த சுற்றில் குறி இல்லாமல் இருக்கும் சாக்கெட்டைத் தயங்காமல் முடித்துவிடுங்கள். மாணவர் வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் பழைய கனெக்ஷன் ஓசையில்லாமல் செத்துவிடும், உங்கள் சர்வருக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். பிங் இல்லாத சர்வரில் அந்தப் பிணங்கள் குவிந்து, ஆசிரியர் திரையில் நாற்பது பேர் வகுப்பில் அறுபது பேர் இருப்பதாகக் காட்டும். இதே காரணத்துக்காகப் பிரவுசர் பக்கமும் ஒரு காவல் வேண்டும். நெறிமுறைப் பிங் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது என்பதால், சர்வர் அவ்வப்போது ஒரு சின்னச் சாதாரணச் செய்தியும் அனுப்பட்டும். ஒரு நிமிடமாக அது வரவில்லை என்றால் பிரவுசரே மூடிவிட்டுப் புதிதாக இணையட்டும்.

இத்தனை செய்தாலும் அறும். சிடிஎன் நிறுவனங்கள் பயனருக்கு அருகில் உள்ள தங்கள் எட்ஜ் சர்வர்களில் புது மென்பொருளை ஏற்றும்போது ரீஸ்டார்ட் செய்வார்கள், அப்போது திறந்திருக்கும் வெப்சாக்கெட்டுகள் போய்விடும். கிளவுட்ஃபிளேர் இதைத் தன் ஆவணத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதனால் இணைப்பதற்கான நிரலைவிட மறுபடி இணைவதற்கான நிரலில்தான் உங்கள் நேரம் போக வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். வண்டிகள் எங்கே போகின்றன என்று வரைபடத்தில் காட்டும் ஒரு அமைப்பு. சில ஆயிரம் திரைகள். அறுந்தால் ஒரு விநாடி கழித்து இணை என்று நான்தான் எழுதியிருந்தேன். ஒரு நாள் மதியம் என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்தோம். எல்லாத் திரைகளும் அடுத்த விநாடியே ஒன்றாக வந்து கதவைத் தட்டின. இணைந்ததும் ஒவ்வொன்றும் அன்றைய முழுப் பாதையையும் டேட்டாபேஸில் கேட்டது. டேட்டாபேஸ் மூச்சுமுட்டி நின்றது, பதில் வராத திரைகள் அறுத்துக்கொண்டு மறுபடி ஒரு விநாடியில் வந்தன. சர்வர் எழவே முடியவில்லை. கடைசியில் சிடிஎன்னிலேயே அந்த முகவரியை மூடி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துதான் மீட்டோம்.

அதிலிருந்து நான் செய்வது: முதல் முயற்சி ஒரு விநாடியில், அடுத்தது இரண்டில், பிறகு நான்கு, எட்டு என்று முப்பது விநாடி வரை; ஒவ்வொன்றிலும் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வராதபடி. அப்புறம், செய்திகளுக்கு வரிசை எண். மறுபடி இணையும் பிரவுசர் "நான் 118 வரை பார்த்துவிட்டேன்" என்று சொல்லட்டும், சர்வர் 119இலிருந்து கொடுக்கட்டும். தேர்வுத் தளத்தில் இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம்: மாணவர் விடையைத் தொட்டு, அது போய்ச் சேர்ந்து, ஒப்புதல் வருவதற்குள் அறுந்தால், பிரவுசர் மறுபடி அனுப்பும். ஒவ்வொரு விடைக்கும் பிரவுசரே ஒரு அடையாள எண் கொடுத்து, சர்வர் அதே எண்ணை இரண்டாம் முறை கண்டால் சும்மா 'சரி' என்று மட்டும் சொல்ல வேண்டும்.

சிடிஎன் இதில் என்னதான் தருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எதிர்பார்ப்பு தவறாக இருக்கக் கூடாது. படங்களுக்கும் ஸ்டைல் கோப்புகளுக்கும் செய்வதுபோல வெப்சாக்கெட்டில் அது எதையும் கேஷ் செய்வதில்லை. ஆயிரம் மாணவர்கள் வந்தால் உங்கள் சர்வருக்கும் ஆயிரம் கனெக்ஷன்கள் வரும். ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு ஃபைலாகவே எண்ணப்படும், ஆகவே ஒரு ப்ராசஸ் திறக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். பல லினக்ஸ் அமைப்புகளில் அது 1024இல்தான் நிற்கும். என்ஜின்எக்ஸ் ஒரு மாணவருக்கு இரண்டு சாக்கெட் திறக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். கிடைக்கும் லாபம் வேறு: மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் பேச்சு மாணவருக்கு அருகிலேயே முடிகிறது, உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிவதில்லை, வெள்ளமாக வரும் தாக்குதல் உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே நிற்கிறது. ஆயிரத்தை ஒன்றாகச் சுருக்கித் தரும் சேவைகளும் உண்டு; ஃபாஸ்ட்லியின் ஃபேன்அவுட் அப்படிப்பட்டது, கனெக்ஷன்களை எட்ஜே பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் அளவுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாதுகாப்பில் ஒரு ஓட்டை பலருக்குத் தெரிவதில்லை. சிடிஎன்னின் ஃபயர்வால் பார்ப்பது கைகுலுக்கும் அந்த முதல் கோரிக்கையை மட்டுமே. 101க்குப் பிறகு உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் கவனிப்பது உங்கள் வேலை. ஒருவர் விநாடிக்கு எத்தனை செய்தி அனுப்பலாம், எவ்வளவு பெரிய செய்தி அனுப்பலாம் என்பதை நோடில் கட்டுப்படுத்துங்கள். டபிள்யூஎஸ் நூலகம் சொல்லாவிட்டால் ஒரே செய்தியில் 100 மெகாபைட் வரை வாங்கிக்கொள்ளும், உங்களுக்குச் சில கிலோபைட் போதும். வழக்கமான கோரிக்கைகளுக்கு இருக்கும், வேறு தளங்களைக் கட்டுப்படுத்தும் சிஓஆர்எஸ் காவல் வெப்சாக்கெட்டுக்குக் கிடையாது. வேறொரு தளத்தில் திறந்திருக்கும் பக்கம்கூட உங்கள் சர்வருக்கு சாக்கெட் திறக்கலாம், குக்கீயும் கூடவே வரலாம். கைகுலுக்கும்போது, எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரைப் பார்த்து, உங்கள் டொமைன் இல்லை என்றால் மறுத்துவிடுங்கள். பயனரை அடையாளம் காட்டும் டோக்கனை முகவரியில் ஒட்டி அனுப்பாதீர்கள், நடுவில் உள்ள ஒவ்வொரு லாக்கிலும் அது பதிந்துகொண்டே போகும். இணைந்ததும் முதல் செய்தியாக அனுப்புவது மேல். முக்கியமாக, உங்கள் சர்வரின் ஐபி முகவரியில் இப்போதும் அந்த 3000ஆம் போர்ட் வெளியே திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் சிடிஎன் வைத்தே பயனில்லை. நோட் உள்முகவரியில் மட்டும் கேட்கட்டும், 443க்கு கிளவுட்ஃபிளேரின் ஐபி வரம்புகளுக்கு மட்டும் அனுமதி.

வெளியே எடுப்பது பற்றி: மேகத்தைச் சாம்பல் நிறமாக்கினால், அதாவது கிளவுட்ஃபிளேர் வழியாகப் போகாமல் செய்தால், ஐபி முகவரி வெளியே வந்துவிடும். டிஎன்எஸ் வரலாற்றைச் சேமித்து வைக்கும் தளங்கள் இருக்கின்றன, ஒருமுறை வெளியே வந்தது திரும்பி உள்ளே போகாது. அதனால் நான் சாக்கெட்டுக்குத் தனியாக ஒரு சப்டொமைன் வைப்பேன், ஆனால் அதையும் சிடிஎன்னுக்குள்ளேயே வைப்பேன். நாளைக்கு வேறு சர்வருக்கு மாற்ற வேண்டியிருந்தால் டிஎன்எஸ்ஸில் ஒரு வரி மாற்றினால் போதும். ஒருவேளை மாணவர் பக்கமிருந்து விடை மட்டும்தான் எப்போதாவது போகிறது என்றால், வெப்சாக்கெட்டே இல்லாமலும் முடிக்கலாம்: கேள்விகள் எஸ்எஸ்இ (சர்வர் மட்டும் ஒரு பக்கமாகத் தொடர்ந்து அனுப்பும் எச்டிடிபி முறை) வழியாக வரட்டும், விடைகள் சாதாரண போஸ்ட் கோரிக்கையாகப் போகட்டும். எஸ்எஸ்இயில் பிரவுசரே மறுபடி இணைந்து, கடைசியாகப் பார்த்த எண்ணையும் சொல்லிவிடும். அங்கேயும் 15 விநாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுக் குறிப்பு வரியை அனுப்ப வேண்டும், என்ஜின்எக்ஸ் பதிலைத் தேக்கி வைக்காமல் பஃபரிங்கை அணைக்க வேண்டும்.

நான் சொன்னதில் போர்ட் விஷயமும் மௌனத்துக்கான டைம்அவுட்டும் உறுதியானவை. உங்கள் 60 விநாடி என்ஜின்எக்ஸுடையது என்பது நீங்கள் எழுதியதை வைத்து நான் போட்ட கணக்கு. ஹோஸ்டிங் நிறுவனம் தன் பக்கம் ஒரு லோட் பேலன்சரை வைத்திருந்தால் அதுவாகவும் இருக்கலாம். சோதிக்க அரை மணி நேரம் போதும். என்ஜின்எக்ஸில் அந்த டைம்அவுட்டை 75 விநாடியாக மாற்றி ரீலோட் செய்யுங்கள். ரீலோடுக்கு முன் திறந்த சாக்கெட்டுகள் பழைய ப்ராசஸிலேயே பழைய டைம்அவுட்டோடு கிடக்கும், ஆகவே டேபை மூடிப் புதிதாகத் திறங்கள். டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பக்கத்தில் 101 வந்ததைப் பார்த்துவிட்டு, கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். 75இல் அறுந்தால் குற்றவாளி என்ஜின்எக்ஸ். பிங்கை எழுதிவிட்டு மேலே போகலாம். அப்போதும் 60இலேயே அறுந்தால், சர்வருக்குள் போய் நோடை உள்முகவரியில் நேராகத் தொட்டுப் பாருங்கள், பிறகு என்ஜின்எக்ஸ் வழியாக, பிறகு வெளியிலிருந்து ஹோஸ்டிங் ஐபி வழியாக. எந்தப் படியில் 60 முதலில் தலைகாட்டுகிறதோ, அதையும் என்ஜின்எக்ஸ் அமைப்பில் உள்ள அந்தச் சில வரிகளையும் எழுதுங்கள், மேலே பார்க்கலாம்.